போர் எங்கோ நடக்கிறது, பல்கலைக்கழகத்தில் எதற்குப் போராட்டம்?

2024 ஏப்ரல் 17 அதிகாலை, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகப் புல்வெளியில் மாணவர்கள் காஸா போரை எதிர்த்துக் கூடாரம் அடித்தார்கள். மறுநாளே நிர்வாகம் போலீஸைக் கூப்பிட்டது. நூறு பேருக்கு மேல் கைதானார்கள். அடுத்த சில வாரங்களில் அமெரிக்கா முழுக்கக் கல்லூரி வளாகங்களில் கைதானவர்கள் 3,000 பேரைத் தாண்டினார்கள். செய்தி பார்த்தவர்களுக்கு இயல்பாகவே சில கேள்விகள் எழுந்தன. காஸாவில் நடக்கும் போரை ஒரு பல்கலைக்கழகத் தலைவர் எப்படி நிறுத்துவார்? புல்வெளியில் படுத்தால் குண்டு விழுவது நிற்குமா? படிக்கப் போன பிள்ளைகள் யாரிடம் என்னதான் கேட்கிறார்கள்?

மாணவர்கள் அரசாங்கத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள், பல்கலைக்கழகம் அதற்கு ஒரு மேடை மட்டும்தான் என்ற எண்ணத்திலிருந்து இந்தக் கேள்விகள் பிறக்கின்றன. அந்த எண்ணம் பாதிதான் சரி. வியட்நாம் போர்க் காலத்திலிருந்து பார்த்தால், அமெரிக்க வளாகங்களில் பெரிய மோதல் வெடித்த இடங்களில் பெரும்பாலும் கேள்வி பல்கலைக்கழகத்தின் மீதே வைக்கப்பட்டது: 'இந்தப் போரில் உங்கள் பங்கு என்ன?' அரசாங்கம் மாணவர்களுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது. நிர்வாகக் கட்டடமோ வகுப்பறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கணக்கு கேட்கலாம், பதில் வராவிட்டால் வாசலில் உட்காரலாம்.

போரோடு பல்கலைக்கழகத்துக்கு என்ன தொடர்பு?

வியட்நாம் காலத்தில் அந்தத் தொடர்பு நான்கு வழிகளில் இருந்தது.

1. ஆட்கள். அன்று அமெரிக்காவில் கட்டாய ராணுவச் சேவை நடைமுறையில் இருந்தது. 1964 முதல் 1973 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் அப்படிச் சேர்க்கப்பட்டார்கள். கல்லூரியில் படிப்பவர்களுக்குப் படிப்பு முடியும்வரை ஒத்திவைப்பு கிடைக்கும். 1966-ல் ஆள் தேவை கூடியபோது, ஒத்திவைப்பு யாருக்கு என்பதை முடிவுசெய்ய வகுப்பில் மாணவரின் தரவரிசையையும் ஒரு தகுதித் தேர்வையும் பார்க்கலாம் என்று அரசு சொன்னது. தரவரிசையை அனுப்ப வேண்டியது கல்லூரி. அதாவது ஒரு பேராசிரியர் போடும் குறைந்த மதிப்பெண், ஒரு பையனை வியட்நாமுக்கு அனுப்பிவிடக்கூடும். அந்த மே மாதம் சிகாகோ பல்கலைக்கழக மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்தது இதற்காகத்தான். 'போரை நிறுத்து' என்பதைவிட 'எங்கள் மார்க் பட்டியலை ராணுவத்துக்குக் கொடுக்காதே' என்ற கோரிக்கை அங்கே முன்னால் நின்றது. மதிப்பெண் போடுவதே பாவம் என்று தவித்த ஆசிரியர்களும் இருந்தார்கள்.

2. ஆய்வு. ராணுவ ஒப்பந்தங்கள் பல பல்கலைக்கழகங்களின் வருமானத்தில் பெரும் பங்கு வகித்தன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியின் கருவியியல் ஆய்வகம் அப்போலோ விண்கலத்துக்கு வழிகாட்டும் அமைப்பை உருவாக்கியது. அணுகுண்டு தாங்கும் பொசைடன் ஏவுகணைக்கான வழிகாட்டும் அமைப்பும் அதே ஆய்வகத்தின் வேலைதான்.

3. பயிற்சியும் வேலைக்கு ஆள் எடுப்பதும். வளாகத்திலேயே ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சிப் பிரிவு இருந்தது. உடலில் ஒட்டிக்கொண்டு எரியும் நேபாம் குண்டு தயாரித்த டவ் கெமிக்கல் நிறுவனம் வளாக நேர்காணலுக்கு வந்தது.

4. பணம். நன்கொடைகளாகச் சேர்ந்த மூலதன நிதியைப் பல்கலைக்கழகம் பங்குச்சந்தையிலும் வேறு நிதியங்களிலும் போட்டு வைத்திருக்கும். அதன் வருமானத்தில் உதவித்தொகை, சம்பளம், கட்டடம் எல்லாம் நடக்கும். வியட்நாம் காலத்தில் இதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. இன்று சண்டை முழுக்க இங்கேதான்.

முதல் தொடர்பு 1973-ல் கட்டாயச் சேவையோடு முடிந்துபோனது. இன்றைய அமெரிக்க மாணவர் யாரும் தன் உயிருக்குப் பயந்து போராடவில்லை. இதனால் இன்றைய போராட்டம் அன்றைய அளவுக்கு நாடு தழுவியதாக வளர்வது கடினம். அதே காரணத்தால், 'சுயநலத்துக்காகப் போராடுகிறார்கள்' என்று அன்றைய மாணவர்கள் மீது வைத்த குற்றச்சாட்டை இவர்கள் மீது வைக்க முடியாது.

விடிய விடிய நடந்த வகுப்பு

1965 மார்ச் 2-ஆம் தேதி அமெரிக்கா வடக்கு வியட்நாம் மீது தொடர் குண்டுவீச்சைத் தொடங்கியது. ஆறு நாள் கழித்து அமெரிக்க மரைன் படைவீரர்கள் தெற்கு வியட்நாமின் டா நாங்கில் இறங்கினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் வகுப்புகளை ஒரு நாள் நிறுத்திப் போரைப் பற்றிப் பேச முடிவெடுத்தார்கள். மாநில அரசியல்வாதிகளும் நிர்வாகமும் எதிர்த்தன. சரி, வகுப்பை நிறுத்த வேண்டாம், வகுப்பு முடிந்தபின் இரவு முழுக்கப் பேசுவோம் என்று திட்டத்தை மாற்றினார்கள். மார்ச் 24 இரவு தொடங்கி மறுநாள் காலைவரை நடந்த அந்தக் கூட்டத்துக்கு ஏறத்தாழ 3,000 பேர் வந்தார்கள். வெடிகுண்டு மிரட்டல் வந்து அரங்கிலிருந்து வெளியேறி, பனிக்குளிரில் நின்றும் பேசினார்கள்.

'டீச்-இன்' என்று பெயர் பெற்ற இந்த வடிவம் சில மாதங்களில் நாடெங்கும் பல வளாகங்களுக்குப் போனது. வியட்நாம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாத காலம் அது. போர் எதிர்ப்பு முதலில் ஒரு பாடமாகத்தான் வளாகத்துக்குள் வந்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கல் எறிந்த காட்சிகளும் தீப்பிடித்த கட்டடங்களும் மட்டுமே நினைவில் நிற்கின்றன. கோபம் ஏறியது பின்னால்தான். 1965 இறுதியில் வியட்நாமில் ஏறத்தாழ 1,84,000 அமெரிக்கப் படையினர் இருந்தார்கள்; 1969-ல் 5,43,000. எத்தனை இரவு பேசினாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்த மாணவர்கள், பேச்சை விட்டுக் கதவை மறிக்கத் தொடங்கினார்கள்.

கொலம்பியா, 1968

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நிகழ்வைப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் படிக்கச் சொல்வேன். 2024-ல் நடந்ததன் சட்டகம் முழுக்க இங்கே உருவானது.

கொலம்பியா ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. கீழே கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம். நடுவில் மார்னிங்சைடு பூங்கா. பூங்காவின் பொது நிலத்தில் இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல் குத்தகைக்கு எடுத்து அங்கே உடற்பயிற்சிக் கூடம் கட்டப் பல்கலைக்கழகம் திட்டமிட்டது. மேல் வாசல் மாணவர்களுக்கு. கீழே தனி வாசல் வழியாக, கட்டடத்தின் சிறு பகுதி மட்டும் ஹார்லெம் மக்களுக்கு. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி சுட்டுக்கொல்லப்பட்டு மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில் அந்தக் கீழ் வாசல் எப்படித் தெரிந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இன்னொரு பக்கம், பாதுகாப்புப் பகுப்பாய்வு நிறுவனம் என்ற அமைப்பு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனுக்காக ஆயுதங்களை மதிப்பிடும் ஆய்வு அங்கே நடந்தது. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பாக அது இயங்கியது; கொலம்பியாவும் உறுப்பினர், கொலம்பியாவின் தலைவர் கிரேசன் கிர்க் அதன் இயக்குநர் குழுவிலேயே இருந்தார். 1967-ல் ஒரு மாணவர் இந்தத் தொடர்புக்கான ஆவணங்களை நூலகத்தில் கண்டெடுத்தபின் அது வளாகம் முழுக்கப் பேச்சானது. 1968 மார்ச் 27 அன்று தொடர்பை முறிக்கக் கோரும் மனுவோடு மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள். கட்டடங்களுக்குள் ஆர்ப்பாட்டம் கூடாது என்ற விதியைக் காட்டி, அதில் ஆறு பேர் மீது மட்டும் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது.

பூங்கா, ஆயுத ஆய்வு, ஆறு பேர் மீது நடவடிக்கை. மூன்றும் சேர்ந்து ஏப்ரல் 23 அன்று வெடித்தன. மாணவர்கள் முதலில் நிர்வாகக் கட்டடத்துக்குப் போனார்கள், பூட்டியிருந்தது. உடற்பயிற்சிக் கூடம் கட்டும் இடத்துக்குப் போய் வேலியைப் பிடுங்கினார்கள். திரும்பி வந்து ஹாமில்டன் ஹாலுக்குள் உட்கார்ந்தார்கள். உள்ளே இருந்த டீன் மறுநாள் மதியம்வரை வெளியே வர முடியவில்லை. அன்று விடிவதற்குள் கறுப்பின மாணவர்கள், 'இந்தக் கட்டடம் எங்களிடம் இருக்கட்டும், நீங்கள் வேறொன்றைப் பிடியுங்கள்' என்று வெள்ளை மாணவர்களை அனுப்பிவிட்டார்கள். வெளியேறிய வெள்ளை மாணவர்கள் தலைவரின் அலுவலகம் இருந்த லோ நூலகத்தைப் பிடித்தார்கள். வாரம் முடிவதற்குள் ஐந்து கட்டடங்கள் மாணவர்கள் கையில்.

அந்தப் பிரிவு உணர்ச்சிவசப்பட்டு நடந்ததல்ல. ஹாமில்டன் ஹாலில் இருந்தவர்களுக்குப் பின்னால் ஹார்லெம் இருந்தது. அவர்கள் மீது கை வைத்தால் ஊர் எரியும் என்று நிர்வாகமும் நகராட்சியும் பயந்தன. கோரிக்கையையும் ஒழுங்கையும் அவர்கள் இறுக்கமாக வைத்துக்கொண்டார்கள். மற்றக் கட்டடங்களில் விவாதம் ஓயவில்லை.

பேச்சுவார்த்தை முட்டி நின்றது பூங்காவிலோ ஆயுத ஆய்விலோ அல்ல, தண்டனை விலக்கில். 'எங்கள் மேல் நடவடிக்கை எடுக்கமாட்டோம் என்று சொன்னால்தான் வெளியே வருவோம்' என்றார்கள் மாணவர்கள். அப்படிச் சொன்னால் தங்கள் அதிகாரமே செல்லாது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றது நிர்வாகம். வளாகப் போராட்டங்களில் இது மறுபடி மறுபடி வரும் முடிச்சு. செய்தியில் 'பேச்சுவார்த்தை தோல்வி' என்று வந்தால், பெரும்பாலும் முறிந்தது இந்த இடத்தில்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 30 விடிவதற்கு முன் போலீஸ் உள்ளே வந்தது. ஹாமில்டன் ஹாலில் இருந்தவர்கள் வழக்கறிஞர்களை உடன் வைத்துக்கொண்டு அமைதியாகக் கைதாகி வெளியே வந்தார்கள். மற்றக் கட்டடங்களில் அடி. சமாதானம் பேச வாசலில் நின்ற ஆசிரியர்களும், வேடிக்கை பார்த்தவர்களும் தப்பவில்லை. ஏறத்தாழ 700 பேர் கைது, நூற்றுக்கு மேற்பட்டோருக்குக் காயம். அதுவரை கட்டடப் பிடிப்பை எதிர்த்த மாணவர்கள் நிறைய இருந்தார்கள். எதிர்க் கூட்டணி அமைத்து லோ நூலகத்தைச் சுற்றி வளைத்து உள்ளே உணவு போகவிடாமல் தடுத்தவர்களும் உண்டு. மறுநாள் வளாகமே வகுப்புகளைப் புறக்கணித்தது. பருவத்தின் மிச்சம் நடக்கவே இல்லை என்று சொல்லலாம்.

சரி, கிடைத்தது என்ன?

உடற்பயிற்சிக் கூடத் திட்டம் கைவிடப்பட்டது. ஆயுத ஆய்வுக் கூட்டமைப்போடு தொடர்பு முடிந்தது. கிர்க் ஆகஸ்டில் பதவியை விட்டுப் போனார். கடற்படை அதிகாரிப் பயிற்சிப் பிரிவு 1969-ல் வெளியேறியது. ராணுவப் பயிற்சி மறுபடி வர 2011 ஆனது. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஆர்ச்சிபால்ட் காக்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, கட்டடப் பிடிப்பை நியாயப்படுத்தாமலேயே, மாணவர்களின் அவநம்பிக்கைக்கு நிர்வாகத்தின் மேலாதிக்கப் போக்கும் காரணம் என்று கூறியது. 1969-ல் ஆசிரியர்களும் மாணவர்களும் உட்காரும் பல்கலைக்கழக மன்றம், அதாவது செனட், உருவானது. போலீஸை அழைக்கும்முன் அதன் நிர்வாகக் குழுவோடு கலந்து பேச வேண்டும் என்று விதியும் வந்தது. போரோ நிற்கவில்லை. கடைசி அமெரிக்கப் படை வியட்நாமை விட்டு வெளியேறியது 1973-ல்.

எதை வெற்றி என்று எண்ணுவது என்பது இங்கே தெளிவாகத் தெரிகிறது. போரை நிறுத்தினார்களா என்று கேட்டால் தோல்வி. பல்கலைக்கழகத்தின் பங்கை அறுத்தார்களா என்று கேட்டால் கேட்டதில் பெரும்பகுதி கிடைத்தது.

தொடர்பு அறுந்தது, வேலை நிற்கவில்லை

ஆனால் ஒரு சிக்கலை மறைக்கக் கூடாது. எம்ஐடியின் கருவியியல் ஆய்வகத்தை மாணவர்களும் சில அறிவியலாளர்களும் எதிர்த்தார்கள். 1973-ல் அது டிரேப்பர் ஆய்வகம் என்ற தனி அமைப்பானது. ஆயுத வேலை அங்கே தொடர்ந்தது. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனமும் 1970-ல் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்தது. ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் பலர் கேட்டது பிரிவை அல்ல. நிறுவனம் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்கட்டும், என்ன ஆய்வு செய்யலாம் என்பதை நாங்கள் சேர்ந்து கட்டுப்படுத்துகிறோம் என்றார்கள். அறங்காவலர்கள் அதை வெளியே தள்ளிவிட்டார்கள். கேள்வி கேட்க இருந்த ஒரே இடமும் போனது.

கையைக் கழுவிக்கொள்வதா, உள்ளே இருந்து கட்டுப்படுத்துவதா? இந்தக் குழப்பம் அன்றே தீரவில்லை. இன்றைய முதலீட்டு விவாதத்துக்குள்ளும் அப்படியே வந்திருக்கிறது.

போலீஸ், துப்பாக்கி, குண்டு

1967 அக்டோபர் 18. விஸ்கான்சின் பல்கலைக்கழகம், மேடிசன். டவ் கெமிக்கல் நேர்காணல் நடந்த கட்டடத் தாழ்வாரத்தில் மாணவர்கள் உட்கார்ந்து மறித்தார்கள். போலீஸ் தடியோடு உள்ளே நுழைந்தது, வெளியே கண்ணீர்ப்புகை வீசியது. காலையில் சில நூறு பேரின் பிரச்சினையாக இருந்தது, அன்று இரவே ஆயிரக்கணக்கானோரின் வகுப்புப் புறக்கணிப்பாக மாறியது. கொலம்பியாவில் நடந்ததும் இதுதான். 2024 ஏப்ரல் 18 கைதுகளுக்குப் பிறகு நாடெங்கும் கூடாரங்கள் முளைத்ததும் இதுதான். அதிகாரம் ஆளை அனுப்பும்போது, போரைப் பற்றிக் கருத்தே இல்லாத மாணவருக்கும் ஒரு கருத்து வந்துவிடுகிறது: 'என் வகுப்புத் தோழனை ஏன் அடித்தார்கள்?'

மிகக் கொடூரமான முடிவு ஓஹியோவில். 1970 ஏப்ரல் 30 அன்று, வியட்நாமின் பக்கத்து நாடான கம்போடியாவுக்குள்ளும் படை போகிறது என்று அதிபர் நிக்ஸன் அறிவித்தார். கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்ப்பாட்டம் எழுந்தது, ராணுவப் பயிற்சிக் கட்டடம் எரிந்தது, ஆளுநர் தேசியக் காவல் படையை அனுப்பினார். மே 4 நண்பகலில் அந்தப் படையினர் 13 விநாடிகள் சுட்டார்கள். நான்கு மாணவர்கள் இறந்தார்கள், ஒன்பது பேருக்குக் காயம். இறந்தவர்களில் இருவர் ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்ளாதவர்கள். நாடெங்கும் நூற்றுக்கணக்கான வளாகங்கள் மூடின அல்லது ஸ்ட்ரைக்கில் இறங்கின. பதினொரு நாள் கழித்து மிசிசிப்பியில் கறுப்பின மாணவர்கள் படித்த ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். அது முழுக்கப் போர் எதிர்ப்புக் கூட்டம் அல்ல, நிறவெறியின் பழைய பகையும் அதில் இருந்தது. கென்ட் அளவுக்கு அந்தப் பெயர்கள் நினைவில் நிற்கவில்லை என்பது இன்றும் வலிக்கும் உண்மை. அதிபர் அமைத்த விசாரணைக் குழு, கென்ட் துப்பாக்கிச்சூடு தேவையற்றது, மன்னிக்க முடியாதது என்று எழுதியது. ஆனால் அப்போது எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள் மீதே பழி போட்டார்கள். காவல் படையைக் குறை சொன்னவர்கள் 11 சதவீதம்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 1968 ஆகஸ்டிலேயே, படை அனுப்பியது தவறு என்று அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் கேலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் சொன்னார்கள். போரை வெறுத்த அதே மக்கள், போரை எதிர்த்த மாணவர்களையும் வெறுத்தார்கள். மக்கள் வெறுப்பை வைத்துப் போராட்டத்தின் கோரிக்கை தவறு என்று முடிவுகட்டுவது சரியல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

மாணவர் பக்கத்திலும் கறை உண்டு. 1970 ஆகஸ்ட் 24 அதிகாலை, ராணுவக் கணித ஆய்வு மையம் இருந்த மேடிசன் கட்டடத்தில் போர் எதிர்ப்பாளர்கள் நால்வர் வெடிமருந்து நிரப்பிய வேனை வெடிக்க வைத்தார்கள். ராணுவ ஆய்வுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இயற்பியல் ஆய்வாளர் இரவு வேலையில் இருந்தவர், இறந்துபோனார். மூன்று குழந்தைகளின் தகப்பன். ஐந்து ஆண்டு டீச்-இன்களும் ஊர்வலங்களும் சேர்த்த மதிப்பை அந்த ஒரு வேன் அழித்தது.

போலீஸ் இல்லாமல் முடிந்த உதாரணமும் கொலம்பியாவிலேயே இருக்கிறது. 1985 ஏப்ரலில், தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியோடு வணிகம் செய்யும் நிறுவனங்களின் பங்குகளை விற்கச் சொல்லி, மாணவர்கள் அதே ஹாமில்டன் ஹால் வாசலைச் சங்கிலி போட்டு மறித்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரம். 1968-ஐ மறக்காத நிர்வாகம் போலீஸை வளாகத்துக்குள் அனுப்பவில்லை. மாணவர்கள் தாங்களே கலைந்தார்கள். அக்டோபரில் அறங்காவலர்கள் பங்குகளை விற்க ஒப்புக்கொண்டார்கள்.

சட்டம் யாருக்கு எவ்வளவு?

கருத்துச் சுதந்திரம் தரும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆகவே மேடிசன், கென்ட் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். கொலம்பியா தனியார், அங்கே மாணவருக்கு உள்ள உரிமை பெரும்பாலும் பல்கலைக்கழகமே எழுதி வைத்த விதிகளிலிருந்து வருகிறது. ஒரு கனெக்டிகட் அரசுக் கல்லூரி, போர் எதிர்ப்பு மாணவர் அமைப்புக்கு அங்கீகாரம் மறுத்தது. கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக மறுக்க முடியாது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் எந்த நேரம், எந்த இடம், எவ்வளவு சத்தம் என்று எல்லாருக்கும் பொதுவாக விதி போட அரசுக் கல்லூரிக்கும் உரிமை உண்டு. கூடாரம் அடிப்பதும் கட்டடம் பிடிப்பதும் அந்த விதிகளை மீறும் செயல்கள்தான். மாணவர்களுக்கும் அது தெரியும்.

வெளிநாட்டு மாணவர்கள் நிலை தனி. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அங்கே படிக்கப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மாணவர் விசா முழுநேரப் படிப்பைச் சார்ந்தது. பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தால் பதிவு போகிறது. பதிவு போனால் அந்த நாட்டில் இருக்கும் தகுதியே போகிறது. அமெரிக்கக் குடிமகனுக்கு ஒரு பருவம் வீணாகும் அதே தண்டனை, வெளிநாட்டு மாணவருக்கு நாடு திரும்பும் பயணமாக மாறலாம்.

2024: சண்டை ஏன் பணத்தில் வந்து நின்றது?

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து இஸ்ரேல் காஸாவில் தொடங்கிய போரில் 2024 ஏப்ரலுக்குள் 33,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் காஸா சுகாதார அமைச்சகம் சொன்னது. கொலம்பியா மாணவர்கள் கேட்டவற்றில் முக்கியமானவை: முதலீடுகளை வெளியிடு, இஸ்ரேலின் ராணுவ நடவடிக்கையில் லாபம் பார்க்கும் நிறுவனங்களிலிருந்து பணத்தை எடு, டெல் அவீவ் பல்கலைக்கழகத்தோடு நடத்தும் இரட்டைப் பட்டப் படிப்பை நிறுத்து, தண்டனை விலக்கு கொடு. 1968-ன் அதே முடிச்சு கடைசியில் காத்திருக்கிறது.

முதலீட்டை விலக்குவது கேட்க எளிது. கொலம்பியாவின் மூலதன நிதி அப்போது 1,300 கோடி டாலருக்கு மேல். அதில் பெரும்பகுதி நேரடிப் பங்குகளாக இருக்காது; வெளி மேலாளர்கள் நடத்தும் நிதியங்களில் பலருடைய பணத்தோடு கலந்திருக்கும். எந்த நிறுவனத்தில் எவ்வளவு என்று பல்கலைக்கழகத்துக்கே உடனே சொல்ல முடியாத நிலை உண்டு. அதனால்தான் 'வெளியிடு' என்ற கோரிக்கை முதலில் வருகிறது. 1985-ல் கொலம்பியா விற்றவை பெயர் தெரிந்த நிறுவனங்களின் பங்குகள். இன்று அது அவ்வளவு நேர் வழி இல்லை.

விற்றால் அந்த நிறுவனம் பாதிக்கப்படுமா? பெரும்பாலும் இல்லை, வேறொருவர் வாங்கிக்கொள்வார். விலக்கலின் பலம் பணத்தில் இல்லை, ஒரு மதிப்புள்ள நிறுவனம் 'இதில் எனக்குப் பங்கு வேண்டாம்' என்று வெளிப்படையாகச் சொல்வதில் இருக்கிறது. நிர்வாகங்கள் பயப்படுவதும் அதைச் சொல்லத்தான்.

நிர்வாகங்கள் காட்டும் பதில் நடுநிலை. 1967-ல் சிகாகோ பல்கலைக்கழகக் குழு ஒன்று, விமர்சிப்பவர்கள் ஆசிரியரும் மாணவருமாக இருக்கலாம், பல்கலைக்கழகமே ஒரு கட்சியாக மாறக் கூடாது என்று எழுதியது. அதில் நியாயம் இருக்கிறது. பல்கலைக்கழகம் ஒரு நிலைப்பாடு எடுத்தால், மாறுபட்டு நினைக்கும் ஆசிரியருக்கு மூச்சு முட்டும். ஆனால் கொலம்பியா தென்னாப்பிரிக்காவுக்காக விற்றது, 2015-ல் தனியார் சிறை நிறுவனங்களிலிருந்து விலகியது, 2017-ல் நிலக்கரி நிறுவனங்களிலிருந்து விலகியது. இப்படிப் பலமுறை முடிவெடுத்த ஒரு நிறுவனம் இந்த முறை மட்டும் 'நாங்கள் முடிவெடுப்பதில்லை' என்று சொல்வது என்னால் ஏற்க முடியாத வாதம். 'இந்த விஷயத்தில் எங்கள் முடிவு இது' என்று சொல்லட்டும். அது நேர்மை.

யூத மாணவர்கள் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். வளாகத்திலும் வெளி வாசலிலும் தங்களை வசைபாடினார்கள், பயமாக இருந்தது என்று பல யூத மாணவர்கள் சொன்னார்கள். அந்தப் புகார்களில் உண்மையானவை உண்டு. அதே கூடாரங்களுக்குள் யூத மாணவர்களும் இருந்தார்கள், யூதர்களின் பாஸ்கா பண்டிகை விருந்தை அங்கேயே கொண்டாடினார்கள். இரண்டும் ஒரே வளாகத்தில், ஒரே வாரத்தில் நடந்தவை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்கும் செய்தியை நம்ப வேண்டாம்.

ஏப்ரல் 30 அதிகாலை மாணவர்கள் ஹாமில்டன் ஹாலுக்குள் நுழைந்தார்கள். அன்றிரவே போலீஸ் மேல்மாடி ஜன்னல் வழியாக உள்ளே போய் அவர்களை வெளியேற்றியது. 1968-ல் போலீஸ் வந்த அதே தேதி. தலைவர் மினூஷ் ஷஃபீக் ஆகஸ்டில் பதவி விலகினார். கொலம்பியா முதலீட்டை விலக்கவில்லை. பிரவுன் பல்கலைக்கழகத்தில் பேச்சுவார்த்தையில் கூடாரங்கள் தாமாகவே கலைந்தன, அக்டோபரில் நிர்வாகக் குழு வாக்கெடுப்பு நடத்தி விலக்கலை நிராகரித்தது. அயர்லாந்தில் டிரினிட்டி கல்லூரி டப்ளின், ஐந்தே நாளில், ஆக்கிரமிப்புப் பகுதிகளில் இயங்குவதற்காக ஐநா பட்டியலிட்ட இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து விலக ஒப்புக்கொண்டது.

2025: அரசாங்கம் நேரடியாக உள்ளே வந்தது

அதுவரை மோதல் மாணவருக்கும் நிர்வாகத்துக்கும் நடுவே. 2025 மார்ச்சில் டிரம்ப் அரசு, யூத மாணவர்களைப் பாதுகாக்கத் தவறியதாகச் சொல்லி, கொலம்பியாவுக்கான 40 கோடி டாலர் கூட்டாட்சி மானியங்களையும் ஒப்பந்தங்களையும் ரத்து செய்தது. இதற்கு அடிப்படை 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி. அரசுப் பணம் வாங்கும் நிறுவனம் இனம், நிறம், தேசிய மூலம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது அது. கறுப்பின மக்களின் போராட்டத்தால் பிறந்த சட்டம் போராட்டத்தை அடக்கும் கருவியாகவும் ஆகலாம் என்பதை இங்கே பார்க்கிறோம். ரத்தானதில் மருத்துவ ஆய்வுகளுக்கான பணம் ஏராளம். கூடாரத்தை எட்டிக்கூடப் பார்க்காத ஆய்வாளர்கள் நிதியை இழந்தார்கள். அதே வாரத்தில், நிரந்தரக் குடியிருப்பு அனுமதி வைத்திருந்த, போராட்டத்தின் சார்பில் நிர்வாகத்தோடு பேசிய ஒருவரைக் குடிவரவு அதிகாரிகள் பிடித்து லூசியானாவில் மூன்று மாதத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள்.

ஜூலையில் கொலம்பியா 22 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுக்கச் சம்மதித்து உடன்பாடு செய்தது. அதற்கு முன்பே, மார்ச்சில், இன்னொரு மாற்றத்துக்கும் ஒப்புக்கொண்டிருந்தது. போராட்டத்தில் விதி மீறியவர்களை விசாரிக்கும் குழுவை நியமிப்பது அதுவரை செனட்டின் பொறுப்பு. மாணவர்களும் அதில் உட்கார்ந்தார்கள். இனி அது நிர்வாகத்தின் கீழ் வரும், மாணவர்களுக்கு இடமில்லை என்றானது. 2024 ஏப்ரலில் போலீஸை அழைத்தபோதே செனட் நிர்வாகக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் நடந்தது என்று செனட் முறையிட்டிருந்தது. 1968-ன் அடிகளுக்குப் பின் கொலம்பியா தனக்குத்தானே போட்டுக்கொண்ட இரண்டு கடிவாளங்களில் ஒன்று முதல் கைதின்போதே பிடி தளர்ந்தது, மற்றது ஓராண்டுக்குள் கழற்றப்பட்டது.